முப்பத்தெட்டு மீட்டருக்கு எந்த சிலிண்டர்?

— பத்து லிட்டரே போதும்னு எத்தனை தடவை சொல்றது, ரேலீன்? என் மூச்சு கொசு மூச்சு. நெவில்தான் காளை மாதிரி இழுப்பான். அந்தப் பெரிய பதினஞ்சை அவனுக்குக் குடு, சின்னதை எனக்கு மாட்டு.

— க்ளெண்டா சொல்றது சரிதாம்மா. நாங்க புருஷன் பொண்டாட்டி இருபது வருஷமா கடல்ல இப்படித்தான் முங்கறோம். எனக்குப் பெருசு, அவளுக்குச் சிறுசு. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணாத் தீரும், ஒண்ணா மேலே வருவோம். சீக்கிரம் ஆகட்டும், படகு கிளம்பிடப் போகுது.

— கிளம்பாது தலைவரே. கடையும் என்னுது, படகும் என்னுது. நான் கையைக் காட்டினாத்தான் படகோட்டி டாஸ் கயித்தை அவுப்பான். இதுவரைக்கும் எவ்வளவு ஆழம் போயிருக்கீங்க?

— இருபது மீட்டர் இருக்கும். ஆனா ஆழத்துப் பயிற்சியெல்லாம் முடிச்சாச்சு. கார்டு காட்டினேனே!

— பாத்தேன், பாத்தேன். கார்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னிக்கு நீங்க கேக்கறது மூழ்கிப்போன நிலக்கரிக் கப்பல். அதோட எஞ்சின் கிடக்கறது முப்பத்தெட்டு மீட்டர்ல. இங்கே ஒரு மூச்சு இழுத்தா ஒரு மூச்சு. அங்கே ஒண்ணு இழுத்தா சிலிண்டர்லேர்ந்து கிட்டத்தட்ட அஞ்சு மூச்சு காலி.

— கேளு, கேளு. அதுக்குத்தானே நான் பதினஞ்சு கேக்கறேன்!

— உங்களை யாரு சொன்னா? நான் க்ளெண்டாவோட சிலிண்டரைப் பத்திப் பேசறேன். கீழே உங்க வாய்க்குழாய் மக்கர் பண்ணுதுன்னு வெச்சுக்குங்க. என்ன செய்வீங்க?

— இது என்ன கேள்வி? க்ளெண்டாகிட்ட போவேன். அவகிட்ட உபரியா ஒரு குழாய் இருக்குல்ல, அதை எடுத்து வாயில வெச்சுக்குவேன்.

— அப்ப காளை யாரோட சிலிண்டர்ல இழுக்குது?

— என்னோடதுலதான் ரேலீன். ஐயோ, ஆமா. பத்து லிட்டர்ல.

— அதுவும் பயந்துபோன காளை. அது ரெண்டு மடங்கு இழுக்கும். கொசுவுக்குன்னு எடுத்த சிலிண்டர்ல ரெண்டு பேரும் மேலே வந்து சேரணும்.

— இரு இரு. காத்து மீட்டர் முள்ளு இருநூறுலேர்ந்து அம்பதுக்கு வந்தா மேலே வந்துடணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு பேர் மீட்டர்லயும் அம்பது இருக்குமில்ல?

— முள்ளுல அம்பதுதான் இருக்கும் நெவில். பெரிய கெட்டில்ல கால்வாசித் தண்ணி, சின்ன கெட்டில்ல கால்வாசித் தண்ணி. டீ ரெண்டுலயும் ஒரே அளவாவா வரும்?

— இத்தனை வருஷத்துல யாருமே இதைச் சொல்லலையே எங்களுக்கு!

— இருபது மீட்டர்ல அது தெரியாது க்ளெண்டா. பக்கத்துலதானே மேல்மட்டம், எப்படியோ வந்துடுவீங்க. இங்கே நடக்காது. ஆளுக்கு ஒரு பதினஞ்சு, இல்லேன்னா ரெண்டு பேரும் கப்பல் மேல்தளத்தோட நிறுத்திக்குங்க. மேல்தளம் இருபத்தஞ்சுலதான் இருக்கு. மீனெல்லாம் அங்கேதான்.

— மீன் பாக்கவா டாம்வொர்த்துலேர்ந்து காரை ஓட்டிட்டு வந்தேன்? மூணு தடவை புக் பண்ணி மூணு தடவையும் கடல் விடலைம்மா. அடுத்த வருஷம் முங்கலாம்னு டாக்டர் எனக்குக் கையெழுத்து போடுவாரான்னே தெரியாது. போன தடவையே ஈசிஜியைப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினார். இன்னிக்கு விட்டா போச்சு. அந்த எஞ்சினை க்ளெண்டாவோட ஒரு தடவை பாத்துடணும். வேறென்ன கேட்டுட்டேன்?

— நெவில், இப்படியும் அப்படியும் நடக்காதே. தலை சுத்துது எனக்கு. ஒரு இடத்துல நில்லேன்.

— எப்படி நிக்கறது? மத்தியானம் தெக்கத்திக் காத்து திரும்புதுன்னு ரேடியோல சொல்லிட்டான். திரும்பிட்டா அந்த ஆத்து முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே வர முடியுமா? அந்தா, டாஸ் ஹாரன் அடிக்கிறான் பாரு.

— அவன் தன் சாப்பாட்டுக்கு ஹாரன் அடிக்கிறான். கறி அடைச்ச ரொட்டி சூடு ஆறிடுமாம். க்ளெண்டா, பதினஞ்சு முடியுமா உங்களால?

— முட்டிதான் பிரச்சினை. இரும்பு சிலிண்டரைத் தூக்கிட்டு அந்த ஏணியில ஏறினா முட்டி கழண்டு கையில வந்துடும்.

— ஏறவே வேணாம். தண்ணியிலேயே கழட்டிக் குடுங்க, டாஸ் மேலே இழுத்துக்குவான். இடுப்புல கட்டற ஈய எடை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கணும், இரும்பே உங்களைக் கீழே இழுக்கும்.

— அப்ப சரி. பதினஞ்சே குடு. இவன் மூஞ்சியைப் பாரு, கிறிஸ்துமஸ் வந்த மாதிரி.

— கிறிஸ்துமஸ்தான்! வா வா, போலாம்.

— இருங்க தலைவரே. இன்னும் ஒண்ணு பாக்கி. எங்க கடை வழக்கம். ஆழத்துக்குப் போற ஜோடி யாரா இருந்தாலும் இதைச் செஞ்சுட்டுத்தான் படகுல கால் வைக்கணும். கண்ணை மூடிட்டு நிக்கணும். "காத்து இல்லை!"ன்னு நான் கத்துவேன். கத்தின உடனே, காத்துக்கு எங்கே போவீங்களோ அந்தப் பக்கம் கையைக் காட்டணும். யோசிக்கக் கூடாது.

— சின்னப் பிள்ளைங்க விளையாட்டு மாதிரி இருக்கே!

— இருக்கட்டும். நீங்கதான் முதல்ல. மூடுங்க. ம்... இன்னிக்கு வெயில் நல்லாத்தான் இருக்கு இல்லே... காத்து இல்லை!

— பாத்தியா! பாத்தியா! நேரா க்ளெண்டா மேலதான். இன்னும் ரெண்டு இஞ்சு போயிருந்தா மூக்கையே குத்தியிருப்பேன். முப்பத்தஞ்சு வருஷக் கல்யாணம்னா சும்மாவா?

— சபாஷ். இப்ப நீங்க, க்ளெண்டா. கையைத் தொங்கவிடுங்க. கண்ணை மூடுங்க.

— நான் உன் இடது பக்கம் இருக்கேன், க்ளெண்டா.

— தலைவரே, வாயை மூடுங்க. தண்ணிக்குள்ள வந்து சொல்லுவீங்களா? ம்... அந்தப் பக்கம் திமிங்கிலம் போகுதாம், நேத்து ரெண்டு பாத்தாங்க... காத்து இல்லை!

— க்ளெண்டா?

— கண்ணைத் திறங்க க்ளெண்டா. கையை இறக்காதீங்க. அப்படியே வெச்சுக்கிட்டுப் பாருங்க.

— ஐயோ.

— என்ன இது? கூரையைக் காட்டறே? ரேலீன், அவளுக்குப் புரியலை. இன்னொரு தடவை கத்து.

— இன்னொரு தடவை கிடையாது நெவில். முதல்ல போற கைதான் நிஜம். அவங்க நேரா மேலே போவாங்க. முப்பத்தெட்டுலேர்ந்து மூச்சில்லாம ஒரே ஓட்டமா மேலே வந்தா உயிரே போயிடும்னு உங்க ரெண்டு பேருக்குமே தெரியும். நான் அனுப்ப மாட்டேன்.

— க்ளெண்டா, நான் பக்கத்துலதானேடி நிக்கறேன்! கை நீட்டினா நான்!

— இங்கே நிக்கறே நெவில். கீழே நிக்க மாட்டே. கேமராவைத் தூக்கிட்டு எப்பவும் முன்னாடி போயிடுவே. உன்னைக் கூப்பிட என் சிலிண்டரைத் தட்டிப் பாத்திருக்கேன், திரும்ப மாட்டே. தண்ணிக்குள்ள கத்தவா முடியும்?

— அப்ப கேமரா வேண்டாம். இந்தா ரேலீன், நீயே வெச்சுக்கோ. கையைப் பிடிச்சுக்கிட்டே வரேன். போதுமா?

— இன்னிக்கு பிடிச்சுக்குவே. என் கை அதை நம்பலையே, நான் என்ன செய்ய? நான் நினைச்சுக் காட்டலை நெவில். அதுவா போச்சு.

— டாஸ்! எஞ்சினை அணை!

— அணைக்காதேன்னு சொல்லு ரேலீன்! ஒரே நிமிஷம்! க்ளெண்டா, நீ சொல்லு... அப்ப இத்தனை வருஷமும் நீ என்கூட இறங்கவே இல்லையா? தனியாவா இறங்கிட்டிருந்தே?

— தனியாத்தான். உனக்குக் காத்து தீர்ந்தா குடுக்க ஆள் வேணுமேன்னு, உன் பின்னாடியே வந்துட்டிருந்தேன்.