தண்ணீர் பார்த்த துணி

எல்லாமே வேண்டும். மேல்தட்டில் இருக்கும் அந்த நீலம், அதற்குக் கீழே நாலு விதமான பச்சை, பெட்டிக்குள் இன்னும் பிரிக்காமல் கிடப்பது, எல்லாம். ஒரு முழத் துணியைக்கூட இங்கே விட்டுப் போக மனம் வராது. முகத்தில் மட்டும் காட்டிக்கொள்ளக் கூடாது.

— என்ன கண்ணு, அலமாரியத் திறந்ததிலேர்ந்து பேச்சே காணோம்? பிடிக்கலையா?

— பிடிச்சிருக்கு சிஸ்டர். சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தோம்.

— சும்மா பாக்க வந்தவங்க வேன் எடுத்துட்டு வர மாட்டாங்க. பெல் அடிச்சு ரொம்ப நேரம் நின்னீங்களோ? மாடியில ஒரு கைவேலையா இருந்துட்டேன். தம்பி, தோள்ல என்ன அது, கயிறா?

— நான் லிஃப்ட் மெக்கானிக் சிஸ்டர், கயிறு எப்பவும் கூடவே இருக்கும். அதுவும் எங்க வீட்டு மேடம் என்னைக்கு 'சும்மா பாக்க' கிளம்பறாங்களோ, அன்னைக்கு ரெண்டு கயிறா எடுத்துப்பேன்.

— இவர் பேச்சைக் கேக்காதீங்க சிஸ்டர்.

— கேட்டா என்ன தப்பு? முப்பத்தஞ்சு வருஷம் வார்டுல நர்ஸா இருந்தவ நான். 'எனக்கு ஒண்ணுமில்ல'னு சொல்ற ஆளைத்தான் முதல்ல கவனிக்கணும். நீ எத்தனை வருஷமா தைக்கிற?

— ஏழெட்டு வருஷமா. பல் டாக்டர்கிட்ட டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. கீழ ஒரு டெய்லர் கடை. அவர் ஒதுக்கிப் போடற வெட்டுத்துணிய வாங்கிட்டு வந்து, ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பேன்.

— அதனால எங்க வீட்டுப் போர்வை எல்லாம் ஸ்கூல் யூனிஃபார்ம் கலர் சிஸ்டர். ஒரே சாம்பல், ஒரே கருநீலம். போத்திட்டுப் படுத்தா எப்போ பெல் அடிப்பாங்கன்னு இருக்கும்.

— சிரிச்சது போதும். சிஸ்டர், ஒவ்வொரு கட்டுலயும் பிளாஸ்திரி ஒட்டி ஏதோ எழுதியிருக்கீங்களே. 'பஸ் தவறின நாள்'னு இதுல இருக்கு.

— பஸ் போயிடுச்சு. எதிர்ல துணிக்கடை. வேற என்ன பண்றது?

— இது, 'டாக்டர் திட்டின நாள்'.

— அந்த டாக்டர் நிறையத் திட்டுவார். ஆரஞ்சு கலர் அத்தனையும் அவர் புண்ணியம்.

— ஆனா சிஸ்டர், எதுக்குமே மூலை வெட்டலையே. தண்ணி பாக்காத துணியா?

— அட, உனக்கும் அந்தப் பழக்கம் உண்டா?

— என்ன மூலை? எனக்கும் புரியற மாதிரி பேசுங்க.

— புதுத்துணிய அப்படியே தைக்கக் கூடாது தம்பி. சாயம் விடும். ஒண்ணு சுருங்கும், ஒண்ணு சுருங்காது, போர்வை கோணிக்கும். அதனால முதல்ல தண்ணியில அலசணும். அலசினதுக்கு அடையாளமா ஒரு மூலைய நகம் அளவுக்கு வெட்டி விடுவோம். சொட்டு மருந்து போட்ட குழந்தைக்கு விரல்ல மை வைக்கிறோம்ல, அப்படி.

— அப்போ இதெல்லாம் மருந்து போடாத குழந்தைங்களா?

— நான் கத்தரி போடறதுக்கு முந்தின நாள்தான் நனைப்பேன். முன்னாடியே நனைச்சு அடுக்கினா மடிப்பு விழுந்துடும். நாளைக்கு வெட்டணும்னா இன்னைக்கு அலசிக் கொடியில போடுவேன். அது காயற வரைக்கும் எனக்கு வேற வேலை ஓடாது. சும்மா சும்மா போய்த் தொட்டுப் பாத்துட்டு வருவேன்.

— நானும்தான் சிஸ்டர்.

— இப்போ அதெல்லாம் போச்சு. ஊசியத் தொட்டு ரெண்டு வருஷமாச்சு.

— ஏன் விட்டுட்டீங்க?

— விட்டுப்போச்சு, அவ்வளவுதான். அடுத்த மாசம் பையனும் மருமகளும் பேத்தியும் என்கூடவே இருக்க வராங்க. வீடு நிறையப் போகுது, எனக்குக் கால் தரையில நிக்கல. இந்த மாடி ரூம் அவங்களுக்கு. 'அம்மா, உன் துணியெல்லாம்...'னு பையன் போன்ல இழுத்தான். நான்தான் சொன்னேன், அதை விட்டு ரெண்டு வருஷமாச்சுடா, யாருக்காவது கொடுத்துடறேன்னு.

— அவர் என்ன சொன்னார்?

— நிம்மதியா போனை வச்சான். சரி, எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் கண்ணு. பொறுக்கி எடுக்கக் கூடாது. எடுத்தா மொத்தமா எடு. ஆளாளுக்கு வந்து கொத்திட்டுப் போறதைப் பாத்துட்டு நான் உக்காந்திருக்க மாட்டேன். விலை நீ சொல்றதுதான். யோசி, நான் கீழ போய் டீ போடறேன்.

— மெதுவா இறங்குங்க சிஸ்டர்.

— மேடம், சிஸ்டர் இறங்கியாச்சு. இப்பவாவது வாயைத் திறக்கலாம்.

— எங்கங்க வைக்கிறது இவ்வளவையும்?

— கட்டிலுக்கடியில ஆறு பெட்டி. பீரோ மேல நாலு. என் டூல்ஸ் ரேக்ல ரெண்டு தட்டு தரேன்.

— டூல்ஸ் ரேக்லயா? ஒரு நாள் அதுல சீப்பை வச்சதுக்கு மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க.

— அது சீப்பு. நீ அந்த நீலத்தைத் தொட்டப்போ உன் முகத்தைப் பாத்தேன். கல்யாணத்தன்னைக்குக்கூட என்னை நீ அப்படிப் பாக்கல.

— போங்க.

— வேணும்னா வேணும்னு சொல்லேன். சொன்னா முத்தா உதிர்ந்துடும்?

— சொல்லிப் பழக்கமில்லங்க. கிடைச்ச துண்டை வச்சுக்கிட்டு, அதுக்கு என்ன வரும்னுதான் யோசிப்பேன். எந்தக் கலர் வேணும்னு என்னை யாரும் கேட்டதில்ல. நானும் என்னைக் கேட்டுக்கிட்டதில்ல. இங்க வந்து நின்னதும் முதல்ல பயமா இருந்துச்சு.

— துணியப் பாத்து என்ன பயம்?

— இவ்வளவு நாளா துணி இல்லாமத்தான் நல்லா தைக்கலையா, இல்ல எனக்குள்ளயே ஒண்ணும் இல்லையான்னு இன்னைக்குத் தெரிஞ்சு போயிடுமே.

— தெரிஞ்சுதா?

— தெரிஞ்சுது. நின்ன இடத்துலயே மூணு போர்வை தைச்சு முடிச்சுட்டேன்.

— அப்புறம் என்ன? சொல்லு.

— வேணும்.

— கேக்கல.

— வேணுங்க. எல்லாமே வேணும். போதுமா?

— போதும். நான் மேல இருக்கிறதைக் கட்டறேன், நீ அந்த அடிப்பெட்டிய இழு. என்ன? ஏம்மா, கையை உள்ள விட்டுட்டு அப்படியே நின்னுட்ட? பூச்சி கீச்சி கடிச்சுதா?

— இல்ல.

— அப்போ இழு.

— கயிறைக் கொஞ்சம் கீழ வைங்க.

— டீ வந்தாச்சு கண்ணு. தம்பி, உங்களுக்குச் சர்க்கரை தூக்கலா போட்டிருக்கேன், சுமக்கிற ஆளாச்சே. என்ன முடிவு பண்ணீங்க?

— மேடம் வேணும்னு சொல்லிட்டாங்க சிஸ்டர். நான் கேட்டு இதான் முதல் தடவை. பிளாஸ்திரி இருந்தா கொடுங்க, எழுதி ஒட்டிடறேன்.

— ரொம்ப சந்தோஷம். தெரிஞ்ச கைக்குத்தான் போகுது. எடுத்துக்கோ கண்ணு, ஒண்ணு விடாம எடுத்துக்கோ.

— சிஸ்டர், நீங்க இனிமே படுக்கப் போறது கீழதானே?

— ஆமா.

— கட்டில் பக்கத்துல இந்த அலமாரி நிக்குமா?

— ஜன்னலோரமா நிக்கும். ஏன் கேக்கிற?

— ஏங்க, இதை நீங்க ஒருத்தரா கீழ இறக்கிடுவீங்களா?

— கயிறு இருந்தா லிஃப்டையே இறக்குவேன். ஆனா அலமாரிய வேன்ல ஏத்த முடியாதும்மா.

— வேன் வரைக்கும் வேணாம். சிஸ்டர் ரூம் வரைக்கும் போதும். துணியோட.

— என்ன பேச்சு இது கண்ணு? நான்தான் முழு மனசா கொடுக்கிறேன்னு சொல்றேன்ல. எடுத்துட்டுப் போ.

— எனக்கு வேணாம் சிஸ்டர். அடிப்பெட்டியில ஒரு சிவப்புத் துணி இருக்கு. மூலை வெட்டியிருக்கு. இன்னும் ஈரம் காயல.