பாதியில் அறுந்த பாட்டு

தலைமை தாங்கும் தேவராஜா ஐயா அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையை நெஞ்சிலும் சுமந்திருக்கும் தாய்மார்களே! கிரெய்கிபர்ன் தமிழ் மன்றத்தின் கண்மணிகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நன்றியுரை சொல்ல என்னை அழைத்தீர்கள். சொல்கிறேன். ஆனால் நெஞ்சு கொதிக்கும்போது நாவில் நன்றி எப்படி வரும்?

சற்று முன் இங்கே ஆர்லன் பிக்கெட் பாடினார். அமெரிக்காவில் பிறந்தவர், நம் ஆஸ்பத்திரித் தாதி பவளராணியின் கணவர், ஒபரா என்னும் மேலைநாட்டு இசைநாடகத்திலே பாரிடோன் என்னும் கனத்த ஆண்குரலுக்குச் சொந்தக்காரர். சிகாகோ கேட்டது அந்தக் குரலை, மிலான் கேட்டது, சிட்னி கேட்டது. காதலன் வேடம் அந்தக் குரலுக்கு வாய்ப்பது அரிது. வில்லனாக வந்தார், வேந்தனாக வந்தார், மகளை இழந்த தகப்பனாக வந்து மண்டபங்களையே அழவைத்தார். வாளால் குத்துப்பட்டு விழும் காட்சியிலும் விழுந்தபடியே பாட்டைப் பாடி முடித்தவர்! அவர் பாட்டை யாராலும் நிறுத்த முடியவில்லை. நம்மால் முடிந்தது!

எதனால்? ஒரு காரால்! மனைவியிடம் மாதக்கணக்காகப் படித்த தமிழ்த் தாலாட்டை அவர் பாடிக்கொண்டிருக்க, நிகழ்ச்சியை அறிவிக்கும் தம்பி யசோதரன் மைக்கைப் பிடித்தார். "வெள்ளைக் கார் ஒண்டு வழிய மறிச்சு நிக்குது, உடன எடுங்கோ! சாப்பாடும் ரெடி!" அவ்வளவுதான். கதிரைகள் கிரீச்சிட்டன, கூட்டம் எழுந்தது, கலைஞர் வாய்மூடி இறங்கினார். இதுவா விருந்தோம்பல்? இதுவா தமிழ்ப் பண்பு? பொன்னாடை போர்த்திவிட்டால் போதுமா, காதைக் கொடுக்க வேண்டாமா?

என்ன தம்பி, பின்னாலிருந்து? "சாப்பாடு ஆறுது அன்ரி"யா? ஆறட்டும்! என் கோபம் ஆறவில்லையே!

மேடைக்குப் பின்னால் பவளராணி அழுதுகொண்டு சொன்னார்: "அன்ரி, வியாழக்கிழமை அவருக்குத் தொண்டையில ஒப்பரேசன். பிறகு பாட ஏலுமோ தெரியாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். 'கடைசியா உன்ர சனத்துக்குத்தான் பாடுவன்' எண்டு அடம்பிடிச்சு வந்தவர்."

கேட்டீர்களா? உலக மேடைகளையெல்லாம் விட்டுவிட்டு, தன் கடைசிப் பாட்டை நமக்கென்று எடுத்துவந்தவர்! நாம் அதை வாங்கிக்கொண்டோமா?

ஓம், இப்போது அமைதி. இந்த அமைதி அப்போதே வேண்டியிருந்தது. எழுந்தவர்கள் இருங்கள். தம்பி யசோதரன், கதவடியில் நில்லுங்கள்; எந்தக் கார் எங்கே நின்றாலும் நிற்கட்டும்.

தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி, சமைத்த கைகளுக்கு நன்றி. அனைவருக்கும் வணக்கம். ஆர்லன், மேலே வாருங்கள். உங்கள் குரலுக்கு மைக் வேண்டாம். இதோ, அணைக்கிறேன்.