பதினைந்து ஆண்டு தாங்கும்

அறுபத்துமூன்றா, அறுபத்துநான்கா... சரியாக நினைவில்லை. என் நண்பன் தேசிகன் சொன்னதைத்தான் சொல்கிறேன். அவனுடைய சித்தப்பா பராசரனுக்கு நடந்தது. விளக்கைச் சின்னதாக்க வேண்டாம்... இருக்கட்டும்.

இரவு பதினொன்றரை. மீஞ்சூரைத் தாண்டி வடக்கே போகும் சாலை. ஆள் நடமாட்டம் இல்லை. சாலையோரமாக ஆலைக்குத் தண்ணீர் போகும் பழைய இரும்புக் குழாய். அது இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று எழுதித் தருவது பராசரன் வேலை. இரவில் தண்ணீரை நிறுத்தி, காலிக் குழாயைச் சுத்தியலால் தட்டுவார். அடிப்பக்கத்தைத் தட்ட, குழாய் நெடுக அங்கங்கே தோண்டியிருந்த குழிகளில் இறங்க வேண்டும். கணீரென்றால் நல்ல இரும்பு. பொத்தென்றால் துரு தின்றுவிட்டது.

வால்வை மூடிவிட்டு உதவியாள் ஜோசப் கேட்டான். "இன்னா சார், இன்னிக்காவது குழில எறங்குவீங்களா... இல்ல, இன்னிக்கும் அமாவாசையா?"

பராசரன் சுத்தியலை எடுத்துக்கொண்டு நடந்தார்.

போன ஆண்டு ஓர் அமாவாசை. தர்ப்பணம் செய்த உடம்போடு சாக்கடைக் குழிக்குள் இறங்க அவருக்கு மனம் வரவில்லை. மேலேயே நின்று, குழாயின் முதுகில் மட்டும் தட்டினார். "துரு அடியில தான் சார் புடிக்கும்" என்றான் குழாய் பொருத்தும் பிட்டர் அரசப்பன். "மேலே கணீர்னு இருக்கே, போறும்" என்று பதினைந்து ஆண்டு எழுதினார்.

எட்டே மாதம். குழாய் பிளந்தது. அப்போது குழிக்குள் இருந்தவன் அரசப்பன்.

விசாரணையில், அரசப்பனே இறங்கித் தட்டிப் பார்த்து, கீழே நன்றாக இருக்கிறது என்று சொன்னதாகப் பராசரன் சொல்லிவிட்டார். தப்பு செத்தவன் தலையில் விழுந்தது. அவன் மனைவி முத்தம்மாளுக்குத் தருவதாக இருந்த வேலையும் இல்லையென்று ஆனது.

இன்று இறங்கிவிடுவது என்றுதான் வந்தார். அரசப்பன் செத்த குழிக்கு அடுத்த குழி. டார்ச்சை அடித்தார். முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புத் தண்ணீர். சேற்று நாற்றம்... கூடவே பீடி வாசனை. ஒரு காலைக் கீழே வைத்தார்.

பொத்... பொத்... பொத்...

குழாயின் அடியிலிருந்து. தண்ணீர் அசையவே இல்லை.

"கீழ நல்லாக்கீது சார்... எழுதிக்குங்க."

குரலில் கோபமில்லை. உயிரோடிருந்தபோது இருந்த அதே பணிவு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். 'நீ அப்படிச் சொல்லவில்லையே அரசப்பா' என்று சொல்ல வாய் திறந்தார். வரவில்லை.

காலை மேலே இழுத்துக்கொண்டார். நோட்டைப் பிரித்தார். பதினைந்து ஆண்டு என்று எழுதினார்.

அவர் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. எழுபதாம் வருஷம் ஓய்வு கொடுத்து, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். சாவதற்கு மூன்று நாள் முன்பு தேசிகனிடம் மட்டும் சொன்னார். ஜோசப் வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டான். முத்தம்மாள் பெரியபாளையத்துப் பக்கம் செங்கல் சூளையில் கல் சுமந்தாள், அங்கேயே செத்தாள். குழாயை எழுபத்தெட்டில் தோண்டி எடுத்தார்கள். அந்தக் குழி இருந்த இடத்தில், அடிப்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு இரும்பே இல்லை. அந்த இரவுக்குப் பிறகு அத்தனை வருஷமும் அங்கே ஒரு சொட்டுக்கூடக் கசிந்ததில்லை.