கைப்பிடியை இழுத்துப் பார்ப்பவள்

காரை நிறுத்திவிட்டு வந்தபோது நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை, மேடம். இந்த ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடந்துகொண்டே தோளுக்கு மேலே கையைத் தூக்கி ரிமோட்டை அழுத்தினீர்கள், யாருக்கோ டாட்டா காட்டுவதுபோல. பூட்டியிருக்கலாம். காவல் நிலைய வாசல் என்பதால் பயமில்லை. ஆனாலும் ஒருமுறை போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

என் மனைவி கோமு அப்படித்தான் செய்வாள். நான் ரிமோட்டை அழுத்தி, விளக்கு மின்னி, கார் பூட்டிக்கொண்ட பிறகும் நான்கு கதவுகளையும் சுற்றி வந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பாள். "பூட்டிண்டுடுத்தான்னு ஒரு தடவை பாத்துட்டா என்ன குறைஞ்சுடப் போறது?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கார் செய்தவன் என்ன பைத்தியமா, நீ இழுத்துப் பார்த்துத்தான் அவன் பூட்டு பிடிக்க வேண்டுமா என்று நடுத்தெருவில் வைத்துத் திட்டியிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே நாலாவது கதவையும் இழுத்துவிட்டுத்தான் வருவாள்.

நான் கங்கைகொண்டானில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவன் சரி என்று சொன்னதை நம்பாமல் அளந்து பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். 'பஞ்சாபகேசன் சார் கையெழுத்துப் போட்டால் அந்தச் சரக்கில் பழுது இருக்காது' என்பார்கள். அப்படிப்பட்டவன் ஒரு பட்டனை நம்பினேன். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

கோமு பங்குனியில் போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை, காரியம் செய்ய வேண்டியவன் நான்தான். அவள் பிறந்தது கல்லிடைக்குறிச்சி. அஸ்தியைப் பாபநாசத்தில் கரைக்க வேண்டும், அந்தத் தண்ணீரிலேயே போய்ச் சேர வேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். காரியம் செய்துவைத்த வாத்தியார் மண் கலயத்தில் கட்டித் தந்தார். வழியில் உடைந்துவிடுமோ என்று பயந்து அவளுடைய செப்புச் சொம்புக்கு மாற்றினேன். கல்யாணச் சீரில் வந்தது, கழுத்தில் 'கோமு' என்று பெயர் வெட்டியிருக்கும். சொம்பை எதில் வைப்பது? அலமாரியைத் திறந்ததும் கையில் அகப்பட்டது ஒரு நகைக்கடைப் பை. தடித்த சிவப்புத் துணி, ஜிப் வைத்தது. அதில் வைத்துப் பின்சீட்டில் உட்கார்த்தி பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

ஊரைத் தாண்டும் முன்புதான் மாற்று வேட்டி எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. குளித்து எழுந்தால் கட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. அதையெல்லாம் எடுத்து வைப்பவளைத்தான் சொம்பில் வைத்துக்கொண்டு போகிறேன். வழியில் இருந்த வணிக வளாகத்தில் நிறுத்தி, தீட்டோடு கடைக்குள் போகலாமா என்று ஒரு கணம் தயங்கி, நடந்துகொண்டே ரிமோட்டை அழுத்தினேன். தோளுக்கு மேலே கையைத் தூக்கி. உங்களைப்போலவே.

வேட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. பையைக் காணோம். பெல்ட்டைக்கூட அறுக்கவில்லை, மரியாதையாகக் கழற்றி விட்டிருந்தான்.

வளாகத்துக் காவலாளிதான் விளக்கம் சொன்னான். "நீங்க அமுக்குத நேரத்துல பக்கத்துல ஒருத்தன் வேற ஒரு மிஷின அமுக்குவான் சார். ஒங்க சிக்னலு காருக்குப் போகாது. பூட்டாது. நீங்க பூட்டிருச்சுன்னு நெனச்சிட்டுப் போயிருவீக. கைப்பிடியப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துருந்தா தெரிஞ்சிருக்கும்." எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அறையவில்லை. நான் யாரையும் அடித்ததே இல்லை, மேடம்.

அப்புறம் இங்கேதான் வந்தேன். அப்போது நீங்கள் இந்த நிலையத்துக்கு மாற்றலாகி வரவில்லை. அந்த மேசையில் இருந்தவர் என்ன போச்சு என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏலே, இங்கன வந்து கேளு, ஒரு களவாணி சாம்பலத் தூக்கிட்டுப் போயிருக்கான் வே." உள்ளே இருந்தவர்களும் சிரித்தார்கள். களவாணிக்குத்தான் நஷ்டம் என்றார் ஒருவர். நான் எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

வாத்தியார் மனத்தால் சங்கல்பம் செய்தால் போதும், தர்ப்பையை வைத்துக் கரைத்துவிடலாம் என்றார். சொந்தக்காரர்கள் போன் செய்து, எப்படியும் கரையப்போகிற சாம்பல்தானே, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். எல்லோருக்கும் அது லேசாக இருந்தது. அவள் எந்தச் சாக்கடையில் கிடக்கிறாளோ, எந்தக் குப்பைத்தொட்டியில் நாய் முகர்கிறதோ என்று எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கோபம் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எழுதுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவளை எங்கே போட்டான்?

அதற்காகத்தான் காரில் அந்த வேலைகளைச் செய்தேன். உள்ளே இருந்து கதவு திறக்கிற கம்பிகளை என் கையாலேயே கழற்றினேன். நான் இறங்கும்போது கண்ணாடியை இறக்கி வெளிக் கைப்பிடியைப் பிடித்துத் திறப்பேன், சாவி இல்லாதவனுக்குக் கண்ணாடி இறங்காது. தலைசாய்க்கும் திண்டுகளை எடுத்துவிட்டேன், அவற்றின் கம்பியால் கண்ணாடியை உடைக்கலாம் என்று படித்திருக்கிறேன். கண்ணாடிகளுக்கு உள்பக்கம், உடைத்தாலும் பெயராத கனமான படலம் ஒட்டினேன். ஹாரனை ஊமையாக்கினேன். அதே கடைப் பை இன்னொன்று வீட்டில் இருந்தது. அதில் ஒரு செங்கல்லை வைத்து, எட்டி எடுக்க முடியாதபடி எதிர்ப்பக்கச் சீட்டுக்கு அடியில் கட்டினேன். எடுக்க வேண்டுமானால் முழு உடம்பும் உள்ளே போக வேண்டும். வேலை சுத்தமாக இருந்தது. நானே பரிசோதித்து நானே ஒப்புக்கொண்டேன்.

பிறகு நாள் தவறாமல் அங்கே போய் நிறுத்தினேன். வளாகத்துக்குப் பின்னால் ஒரு பொட்டல், மரம் கிடையாது, கடைசி வரிசைக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும். வேண்டுமென்றே பையின் ஒரு முனை மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, தோளுக்கு மேலே கையைத் தூக்கி ரிமோட்டை அழுத்திவிட்டுப் போய், எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். கத்திரி வெயில் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவன் வந்தான். ஒல்லியான ஆள், முழுக்கைச் சட்டை. களவுக்கு வரும்போது போன் எடுத்து வர மாட்டான் என்று பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள். கதவைத் திறந்து ஏறினான். வெளியே கால் தெரியக் கூடாது என்று அவனே கதவைச் சாத்திக்கொண்டான். இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் எந்தக் கதவையும் சாத்தவில்லை. பட்டனை மட்டும் அழுத்தினேன். விளக்கு மின்னுகிறதா என்று இந்த முறை பார்த்தேன். மின்னியது.

குடையை விரித்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கைப்பிடி ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தான். நான்கு கதவும். கோமு வெளியே இருந்து செய்ததை அவன் உள்ளே இருந்து செய்தான்.

"சிவப்புப் பையில் ஒரு சொம்பு இருந்ததே, அதை என்ன செய்தாய்?" என்று கேட்டேன். அவன் இழுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். போலீஸ் என்று நினைத்திருப்பான், இப்போது வேறு மாதிரிப் பார்த்தான்.

"அய்யா, அது ஒங்க வீட்டுச் சொம்பா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குரல் கிணற்றுக்குள்ளே இருந்து வந்தது. "நகைன்னு நெனச்சுதான்யா எடுத்தேன். தொறந்தா எலும்பு. எங்கனயும் போட மனசு வரலய்யா. குறுக்குத்துறைக்குக் கொண்டுபோயி ஆத்துலயே விட்டுட்டேன். முங்கிக் கும்புட்டுட்டுதான் வந்தேன். சொம்பு அங்கன பூ விக்கிற தங்கத்தாய்ட்ட இருக்கு. போயிப் பாருங்கய்யா. ஆனா கதவத் தொறந்துட்டுப் போங்க, அனல் தாங்கல."

சொன்னால் போதாது, சரிபார்க்க வேண்டும். என் தொழில் அது. பொய்யாக இருந்தால் போலீஸ், உண்மையாக இருந்தால் நானே திறந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். "வெரசா வாங்கய்யா" என்றான். காவலாளியிடம், காருக்குள் மெக்கானிக் வேலை பார்க்கிறான், தட்டுகிற சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

குறுக்குத்துறைப் படித்துறையில் தங்கத்தாயைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பூக்கூடைக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டதும் எழுந்து போய்ச் சுவரோரம் கவிழ்த்திருந்த சொம்பை எடுத்து வந்தாள். புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். கழுத்தில் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

"யாரும் வரமாட்டாகளோன்னு இருந்தேன் சாமி. அந்தத் தம்பி அழுதுக்கிட்டே கொண்டாந்து ஆத்துல விட்டான். தேடி வந்தா குடுத்துருங்கக்கான்னான். வாரா வாரம் வந்து கேக்கான், யாரும் வந்தாகளான்னு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெயில்ல வந்திருக்கீக. பைய, அவசரப்படாம ஒரு முங்கு முங்கிட்டுப் போங்க" என்றாள்.

நான் குளித்தது அவள் சொன்னதால்தான். அவளை நீங்கள் விசாரிக்கலாம்.

ஆனால் நேரே தண்ணீரில் இறங்கிவிடவில்லை. செய்வது செய்தால் முறையோடு செய்ய வேண்டும். படித்துறைப் புரோகிதர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை மண்டப நிழலில் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நல்ல காற்று வந்தது. அவர் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து, "அஸ்தி எங்கே?" என்றார்.

"கரைத்தாகிவிட்டது."

"யார் கரைச்சா? காரியம் பண்ற கர்த்தா நீங்கதானே?"

யார் கரைச்சா. அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அவள் கேட்டது பாபநாசத்துத் தண்ணீரை, கேட்டது என்னிடம். எவனோ ஒருவன் பஸ் ஏறி வந்து, மந்திரம் இல்லாமல், எள் இல்லாமல், வெறும் கையால் அவளை அள்ளிப் போட்டுவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவன் பெயர் ஜாஸ்பர் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பெயரில் எனக்கு ஒன்றுமில்லை, நான் அந்த மாதிரி வித்தியாசம் பார்க்கிறவன் இல்லை. அழுதானாம். அவள் சாகும்போது நான்கூட அழவில்லை. இவன் யார் அழுவதற்கு? திருடினால் திருடனாகத் தொலைய வேண்டியதுதானே. சாக்கடையில் வீசியிருந்தால் அவனை நான் மன்னித்திருப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது.

புரோகிதரிடம் சொன்னேன்: "ஒன்றையும் விடாமல், ஆரம்பத்திலிருந்து முழுசாகச் செய்து வையுங்கள். அவசரம் இல்லை."

அவரும் அவசரப்படவில்லை.

நான் திரும்பி வந்தபோது பொட்டலில் வெயில் சாய்ந்திருந்தது. "மெக்கானிக் தம்பி வேலைய முடிச்சிட்டான் போல சார், ரொம்ப நேரமா சத்தத்தையே காணும்" என்றான் காவலாளி. நான் காருக்குப் போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். நன்றாகப் பூட்டியிருந்தது. பிறகு திறந்தேன். அவன் பின்சீட்டில், சொம்பு இருந்த அதே இடத்தில் சாய்ந்திருந்தான். சட்டையைக் கழற்றி மடித்து வைத்திருந்தான். உங்களுக்குப் போன் செய்ததும் நான்தான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவனுடைய அம்மா என்றார்கள். அழுகிற சத்தம் கேட்கிறது. அவளிடம் சொல்லுங்கள், பிள்ளையின் உடம்பு முழுசாக, அவள் கைக்கே வந்து சேரும். எனக்கு அதுகூட வரவில்லை.

என் வக்கீல், துக்கத்தில் காரை மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார். நீங்களும் அதையே மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு அது. ஆனால் தரப் பரிசோதனைக்காரன் பொய்யான கையெழுத்துப் போடக் கூடாது. நான் மறக்கவில்லை, மேடம். ரிமோட் நனைந்தால் கெட்டுவிடும் என்று, கோமு இல்லாததால் வாங்கி அன்று கட்டிப் போயிருந்த அந்தப் புது வேட்டியை அவிழ்த்து அதில் சுற்றி மேல்படியில் வைத்துவிட்டுத்தான் ஆற்றில் இறங்கினேன். ஒவ்வொரு முறை முங்கி எழும்போதும் அது வைத்த இடத்தில் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். படித்துறையில் திருட்டுப் பயம் அதிகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.