அறுபத்து நாலாம் பக்கம்

— இந்தாங்க சார், உங்க புஸ்தகம். அறுபத்து நாலாம் பக்கத்தை எடுத்து நீங்களே வாசிங்க. சத்தமா.

— மொதல்ல உக்காரும்மா தேவதர்ஷினி. சாணார்பட்டியில இருந்து இந்த வெயில்ல தனியாவா வந்த?

— அதை அப்புறம் சொல்றேன். வாசிங்க.

— "பஞ்சு, பனியெனப் பொழிந்துகொண்டிருந்தது. பதினாறாவது மணி நேரம். தேவதர்ஷினியின் இமைகள் தாமாக மூடின. கனவில் அம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தாள். விழித்தபோது மூன்று விரல்கள் இல்லை."

— நான் தூங்குனேனா சார்?

— கேளும்மா. ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்தேன், தூக்கம் தூக்கமா வந்துச்சுன்னு நீதான சொன்ன?

— வந்துச்சுன்னேன். தூங்குனேன்னு சொன்னேனா? முழிச்சுத்தான் இருந்தேன். மெஷின் மூடியைக் கழட்டிப் போட்டுட்டு, ஓடுறப்பவே பஞ்சைத் தட்டுன்னாரு சூப்பர்வைசரு. கண்ணு முன்னாலதான் போச்சு சார் வெரலு. இதுல அம்மா பூக்கட்டுச்சாம்! எங்கம்மா கல்லு ஒடைக்கப் போகுது சார்.

— வாசிக்கிறவுக மனசுல தைக்கணும்லம்மா. மனு எழுதுற மாதிரி எழுதுனா எவன் படிப்பான்? சென்னைக் கூட்டத்துல இந்தப் பக்கத்தை வாசிச்சப்ப எம்புட்டுப் பேரு அழுதாக தெரியுமா?

— நேத்து கோர்ட்டுலயும் வாசிச்சாக. மில்லுக்கார வக்கீலு. ஒருத்தரும் அழுகல. "உனக்காகப் புஸ்தகம் போட்ட மனுசனே நீ தூங்கிட்டங்கிறாரு, மில்லு மேல என்ன தப்பு?"ன்னு கேட்டாரு. ஜட்ஜ் ஐயா என்னையவே பாத்தாரு.

— அடப் பாவிகளா!

— பாவி யாரு சார்?

— அமலா, பாப்பாவுக்கு ஒரு காப்பி கொண்டாயேன்.

— காப்பி கெடக்கட்டுங்க. இதை நான் டைப் அடிக்கிறப்பவே கேட்டேன்ல, இந்தக் கனவு அந்தப் பிள்ளை சொன்னதான்னு? "இஸ்கூல் டீச்சருக்கு எழுத்தைப் பத்தி என்ன தெரியும்"னீங்க.

— நீ உள்ள போ.

— போகமாட்டேன்.

— டீச்சர், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. திங்கக்கெழமை வாய்தா. சார் வந்து கூண்டுல ஏறி, "தூங்குனாங்கிற அந்த வரி நானாக் கட்டி எழுதுனது"ன்னு சொல்லணும். அம்புட்டுத்தான். அதைச் சொல்லலைன்னா என் கேஸு அன்னைக்கே செத்துப் போகும்.

— என்னால ஆகாதும்மா.

— ஏன் ஆகாது? அட்டையில கொட்டை எழுத்துல "அருள்நாதன் எழுதிய உண்மைச் சம்பவங்கள்"னு போட்டிருக்கு. உண்மையைச் சொல்ல மட்டும் வலிக்குதோ?

— கத்தாத. இது உன் ஒருத்தி புஸ்தகம் இல்ல. பன்னெண்டு மில்லுப் பொண்ணுக கதை. ஒரு வரி பொய்யின்னு நானே ஒத்துக்கிட்டா, மில்லுக்காரன் மொத்தத்தையும் பொய்யின்னுருவான். உனக்காக மத்த பதினோரு பேரையும் பொய்க்காரியா ஆக்கச் சொல்றியா?

— அவுகளைச் சொல்லி என் வாயை அடைக்காதீங்க சார்!

— ஏழு வருசம் ஊரூரா அலைஞ்சிருக்கேன்ம்மா, ஒரு நோட்டும் பேனாவுமா. ஆண்டவர் சாட்சியாச் சொல்றேன், நான் கை வச்சது அந்த ஒத்தை வரியிலதான். மத்ததெல்லாம் அவுக அவுக வாயால சொன்னது.

— ஒத்தை வரிதானா?

— ஒத்தை வரிதான்.

— டீச்சர் மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

— சத்தியமா ஒத்தை வரிதான். போதுமா?

— போதும் சார். டீச்சர், செத்த அந்த வாசக்கதவைத் தொறங்க. வேன்ல பதினோரு பேரும் உக்காந்திருக்காக. ஆளுக்கொரு புஸ்தகம் வச்சிருக்காக, ஆளுக்கொரு பக்கத்தை மடிச்சு.