வீட்டுக்கு ஒரு ஓட்டு, மாடிக்கு ஒரு ஆளு

…இல்ல, நான் கேக்குறேன். ஒம்பது பாட்டு வச்சிருக்கான் அந்தப் புள்ள, ஒம்பது! அதுல போயி 'ஜிகுஜிகு ஜீப்பு'தான் கெடச்சுதா மொதல்ல விடுறதுக்கு? பாத்து ஏறும்மா, அந்தத் திருப்பத்துல படி கொஞ்சம் ஒசரம். கொத்தனார் பண்ணுன கூத்து. கைப்பிடியப் புடிச்சுக்க.

எந்தப் புள்ளயா? பூவரசன்மா! பாட்டுப் பாடுற பூவரசன். நம்ம திருவெள்ளறக்காரன். சினிமாவுல எல்லாம் பாடல, தானே எழுதி, தானே பாடி, ஆல்பம் போடுறான்ல… ஆங், அவனேதான். தெரியுமா? அப்பாடா. போன வாரம் ஒருத்தரு மாடி வீடு பாக்க வந்தாரு, காலேஜு வாத்தியாராம். "நான் பாட்டே கேக்குறதில்லங்க"ன்னாரு. அப்ப சாப்புட்டு முடிச்சுட்டு என்னதான் பண்ணுவீங்கன்னு கேட்டேன். தப்பா? மொறச்சுட்டு எறங்கிப் போயிட்டாரு.

இதான் ஹாலு. ஜன்னலத் தொற, காத்து பிச்சுக்கிட்டுப் போகும். ஃபேனே வேண்டாம். சரி, சித்திரையில வேணும், பொய் சொல்லக் கூடாது. உறையூர்ல இந்த மாதிரி காத்து வர்ற வீடு நீ தேடுனாலும் கெடைக்காது. ஆனா பாரு, நாலு மாசமா பூட்டியே கெடக்கு. என்ன நேரமோ தெரியல.

எங்க விட்டேன்? ஜீப்பு. ஒம்பது பாட்டும் போன்ல எப்பவோ வந்துருச்சும்மா. ஆனா வீடியோ புடிச்சு, ரேடியோ டிவிக்கெல்லாம் அனுப்பி, ஊரு பூராக் கேக்க வக்கிறது ரெண்டே ரெண்டு பாட்டத்தான். அதத்தான் சிங்கிளுங்கிறாங்க. ரெண்டுக்கு மேல கம்பெனிக்காரன் காசு தர மாட்டானாம். அப்ப அந்த ரெண்டும் எப்படி இருக்கணும்? மொதப் பாட்டா இந்த ஜீப்பு வந்துச்சு, போச்சு. இப்ப மெட்ராஸ்ல இருக்கவன், மதுரைல இருக்கவன் எல்லாம் என்ன நெனைக்கிறான்? பூவரசன்னா ஜீப்பு, ஜீப்புன்னா பூவரசன். டீக்கடைல ஒருத்தன் "அந்த ஜீப்பு பையன்"னு சொல்றான்மா. எனக்கு வயிறு எரிஞ்சுது. மீதி எட்டுப் பாட்டையும் யாரு கேப்பா சொல்லு?

அது சமையக்கட்டு. மேடை கடப்பா கல்லு. கொழாய்ல காவேரித் தண்ணி காலைல வரும், மத்த நேரம் போர் தண்ணி. ரெண்டாவது அலமாரி கதவு கொஞ்சம் இழுத்து சாத்தணும்.

என்ன? அதுக்கு நான் ஏன் இவ்ளோ கோவப்படுறேனா? ஏன்னா அவன் நம்மளத்தான கேட்டான்! லைவ்ல வந்து, "மத்த ஊருக்காரங்க கோவிச்சுக்காதீங்க, எந்தப் பாட்ட சிங்கிளா விடணும்னு எங்க ஊருக்காரங்க முடிவு பண்ணட்டும், சமமா வந்தா மட்டும் நான் சொல்றேன்"னான். நாங்க எல்லாரும் அழுதுட்டோம். திருச்சி ரசிகர் வட்டம்னு எங்களுக்கு ஒரு குரூப்பு இருக்கு. மன்றம்னு சொன்னா அவனுக்குப் புடிக்காது. அதுல சின்னப் பசங்கதான் அதிகம், ஆனா என்ன மாதிரி ஆளும் இருக்கோம். இந்த மாடில குடியிருந்த அஃப்ஷீன் பொண்ணுதான் என்னையும் எங்க வீட்டுக்காரரையும் சேத்துவுட்டுச்சு. தங்கமான புள்ள. சாயங்காலம் மொட்டை மாடில துணி எடுக்கும்போது பூவரசன் பாட்டுதான் ஓடும். நான் கீழ இருந்து கத்துவேன், "ஏ அஃப்ஷீனு, சத்தமா வையி"ன்னு. எந்த வீட்டு ஓனரு அப்படிக் கத்துவா? இப்ப கல்யாணமாகி ஆம்பூர் போயிருச்சு. அதுவும் என் கட்சிதான், ஆனா ஆம்பூர்ல இருந்தா திருச்சி ஓட்டு போட முடியாதுல்ல. அங்கதான் எனக்கு அடி.

பாத்ரூம் உள்ளயேதான்மா. பாரு. நான் வெளிய நிக்கிறேன், காதுல விழும், பேசிக்கிட்டே இருக்கேன்.

என் பாட்டு 'கரும்புச் சாறு'. அதான் ஞாயம். எடுத்தவொடனே தவில் வரும் பாரு, படுத்துக் கெடக்குற நாயி கூட எந்திரிச்சு நிக்கும். வெங்காயம் உரிக்கிறப்ப போட்டா கண்ணு எரியிறதே தெரியாது. நடுவுல ஆத்தாளும் மகனும் பேசிக்கிற மாதிரி நாலு வரி வரும், அங்க நான் ஒவ்வொரு தடவயும் மூக்க உறிஞ்சுவேன். சிரிக்கவும் வச்சு அழவும் வச்சு ஆடவும் வச்சா, அது சிங்கிளா, இந்த ஜீப்பு சிங்கிளா? பூவரசனே பேட்டில சொல்லிருக்கான், "எனக்கு கரும்புச் சாறு ரொம்ப இஷ்டம்"னு.

ஆனா ஸ்ரீரங்கத்துல ஒரு வத்ஸலா மாமி இருக்காங்க. ஜீப்பு கட்சி. "ராக்கம்மா, ஜீப்பு கேட்டா கால் வலியே போயிடறது, நான் என்ன பண்ணட்டும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லும் அந்தம்மா. சிரிச்சுக்கிட்டே! நல்லவங்கதான், வந்தா புளியோதரை கொண்டாருவாங்க. ஆனா ஒரு ஆளு மூணு போனு. மன்னார்புரத்துல பேக்கரிக்கு மேல ஒரு சின்ன ஹால் புடிச்சு மீட்டிங் போட்டப்ப, பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், அந்தப் பைக்குள்ள இருந்து மூணு போனும் ஒண்ணா டிங்கு டிங்குங்குது. ஒண்ணு அவங்க, ஒண்ணு மகன், ஒண்ணு மருமக. மூணுலயும் ஜீப்புக்குத்தான் போடுவாங்க. மகன் அமெரிக்காவுல இருக்கான்மா!

அதனாலதான் அந்த ரூலு வந்துச்சு. வீட்டுக்கு ஒரு ஓட்டு. எத்தன போனு இருந்தாலும், எத்தன பேரு இருந்தாலும், ஒரு வீடு ஒரு ஓட்டு. வீட்டுக்குள்ள பேசி முடிவு பண்ணிட்டு அனுப்பணும். ஒத்து வரலையா, அதிகம் பேரு சொல்றதுதான்; சரிசமமா நின்னா அந்த வீட்டு ஓட்டு செல்லாது. எல்லாரும் கை தட்டுனாங்க. அட்மின் தம்பி ரகுராம் அங்கயே குரூப்ல போட்டுட்டான்.

அந்த ரூலாலதான் எங்க வீட்டு ஓட்டு செல்லாமப் போச்சு! ஜீப்புக்கும் கரும்புச் சாறுக்கும் ஒரே ஓட்டு வித்தியாசம். ஒண்ணு! எங்க வீட்டு ஓட்டு விழுந்திருந்தா சமம். சமமா வந்தா அவன் இஷ்டம். அவன் எத விட்டிருப்பான்? கரும்புச் சாறு! ஊரே ஆடிருக்கும். எல்லாம் ஒரு ஓட்டுல போச்சு.

ஏன் விழலையா? எங்க வீட்டுக்காரரு. பிச்சமுத்துன்னு பேரு. கீழ மோட்டார் கிட்ட குனிஞ்சு எதையோ முடுக்கிக்கிட்டு இருந்தாருல்ல, அவருதான். பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. இந்த மனுசன் எனக்கு மாப்பிள்ளையா வந்ததுல இருந்து எதுக்கும் ஒரு பதில் சொன்னதில்ல. என்ன கொழம்பு வைக்கட்டும்? "ஏதோ ஒண்ணு." எந்தச் சட்ட எடுக்கட்டும்? "நீயே எடு." புள்ளைக்கு என்ன பேரு வைக்கலாம்? "வையி." அப்படிப்பட்ட ஆளு. மீட்டிங் முடிஞ்சு டவுன் பஸ்ஸு புடிச்சு வந்து, சும்மா ஒரு பேச்சுக்கு, "நம்ம வீட்டு ஓட்டு கரும்புச் சாறுக்குப் போட்டுறவா"ன்னு கேக்குறேன். கைல போன எடுத்துட்டேன், அமுக்கப் போறேன். "வேணாம்"ங்கிறாரு!

வேணாமாம்! எனக்குக் காது கேக்குதா இல்லையான்னே தெரியல. "எனக்கு 'கொள்ளிடக் காத்து'தான் புடிச்சிருக்கு"ங்கிறாரு.

அந்தப் பாட்டு கேட்டிருக்கியா? மொத ஒரு நிமிஷம் பாட்டே கெடையாதும்மா. காத்து சத்தம். மணல்ல எவனோ நடக்குறான். அப்புறம் பூவரசன் "ம்ம்ம்"ங்கிறான். அவ்ளோதான். மொத தடவ கேக்குறப்ப நெட்டு போயிருச்சுன்னு நான் போனத் தட்டிக்கிட்டு இருந்தேன். இத ரேடியோவுல போட்டா, ரேடியோ கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட்டுருவான்!

சண்ட போட்டேன், கெஞ்சுனேன், அவருக்குப் புடிச்ச கருவாட்டுக் கொழம்பு வச்சேன். சாப்புட்டாரு. கைய கழுவிட்டு, "காத்துதான்"ன்னாரு. அப்ப பாரு, எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம்… சரி, அத விடு. ஒண்ணுக்கு ஒண்ணு. செல்லாத ஓட்டு.

பால்கனில துணி காயப் போடலாம். கொடி கட்டித் தர்றேன்.

வர்ற ஞாயித்துக்கிழம ரெண்டாவது சிங்கிளுக்கு ஓட்டு. இதான் கடைசி. இதுலயும் மாமி கட்சி வேற ஒரு கூத்துப் பாட்ட நிறுத்திருக்கு, 'பஞ்சு மிட்டாய் மச்சான்'னு. அதுவும் வந்துச்சுன்னா அந்தப் புள்ள கதி அவ்ளோதான். நல்ல பாட்டு பாடுனவன்னே ஊருக்குத் தெரியாமப் போயிரும். அதனாலதான் மாடிக்கு ஆளு வந்துரணும்னு துடிக்கிறேன். மாடியும் நம்ம வீட்டுலதான் சேத்தி, ஒரே கதவு நம்பரு, ரகுராம் கிட்ட கேட்டுட்டேன். மூணு பேரு இருந்தா ரெண்டுக்கு ஒண்ணுன்னு முடிஞ்சுரும். 

ஆனா சரியான ஆளு வரணும்ல? ஒரு புருசன் பொண்டாட்டி வந்தாங்க, நல்ல குடும்பம், எல்லாம் புடிச்சிருச்சு. வாசல் வரைக்கும் போனவங்க, "உங்களுக்கு பூவரசன் பாட்டுல எது புடிக்கும்"னு கேட்டதுக்கு, "ஜீப்பு சூப்பர்ங்க"ன்னு அந்தாளு ஆடியே காட்டுறாரு. மாடி காலியா இல்லன்னுட்டேன். அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு, "நீ வாடகைக்கு ஆளு புடிக்கிறியா, குரூப்புக்கு ஆளு சேக்குறியா?" அதுவும் கேள்விதான். 

என்னது? அந்த ரூல யாரு போட்டதா?

…ஏன், யாரோ போட்டாங்க. அது… மீட்டிங்ல ஒருத்தி எந்திரிச்சு… என்னம்மா அப்படிப் பாக்குற. ஆமா. நான்தான். நானேதான் எந்திரிச்சு சொன்னேன். அந்த மூணு போனு சத்தத்துல என்னையும் அறியாம எந்திரிச்சுட்டேன். எல்லாரும் கை தட்டுனாங்கன்னு சொன்னேன்ல, எனக்குத்தான் தட்டுனாங்க. எங்க வீட்டுக்குள்ள ரெண்டு பாட்டு இருக்கும்னு நான் கண்டேனா? ஒரே பாட்டுன்னுதான நெனச்சுக்கிட்டு இருந்தேன்!

சரி, அது முடிஞ்ச கத. உன்னைய இன்னும் கேக்கலையே. உனக்கு எந்தப் பாட்டு? வெக்கப்படாம சொல்லு.

…

என்ன? திரும்பச் சொல்லு.

'கொள்ளிடக் காத்தா'?

ஏம்மா, புரோக்கர் மூக்கன் வண்டில கூட்டியாரும்போது உங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா? …சொன்னானா? "கரும்புச் சாறுன்னு சொல்லுங்க, அப்பவே சாவி"ன்னு சொன்னானா? அவன் சொல்லுவான்னு தெரியும். அது தெரிஞ்சும் இதச் சொல்றியா? உனக்கு வீடு வேணும்ல?

கரும்புச் சாறு முழுசாக் கேட்டியா? அந்த நாலு வரி வரைக்கும்? …நல்லாருக்கு, ஆனா காத்துதான் புடிக்கும். ம். எதுக்கும்மா? அதுல என்னதான் இருக்கு, எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லு.

…ஆஸ்பத்திரில ஐ.சி.யூ நர்ஸா நீ. ஆமா, மூக்கன் சொன்னான். …நாளெல்லாம் மெஷினு சத்தமா. …வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள்ள அடிச்சுக்கிட்டே இருக்குமா. அந்த ஒரு நிமிஷத்துலதான் அது நிக்குதா.

…

அவரும் அதான் சொன்னாரும்மா. ஒர்க்‌ஷாப்பு சுத்தியல் சத்தம் இன்னும் காதுல இருக்காம். ரிட்டையர் ஆயும் போகலையாம். எங்கிட்ட இத்தன வருசம் சொன்னதே இல்ல. அந்தப் பாட்டு வந்தப்புறம்தான் சொன்னாரு. நான்தான், "சரி, அதுக்காக அத சிங்கிளா விட முடியுமா"ன்னு கத்திட்டு உள்ள போயிட்டேன்.

ம்ஹும். ரெண்டுக்கு ஒண்ணு. தோத்துட்டேன். ரூலு ரூலுதான், நான் போட்டதுதான, அத நானே மாத்துனா மாமி சிரிக்கும். தவிலு இல்லாத பாட்டுக்கு எங்க வீட்டு ஓட்டு! ஊருல என் மூஞ்ச எங்க கொண்டு போயி வக்கிறது? ஆனா பஞ்சு மிட்டாய்க்குக் காத்து எவ்வளவோ மேல். பூவரசன அது ஒரு மனுசனாக் காட்டும். அதையும் நான் வெளிய சொல்ல மாட்டேன், நான் சொன்னேன்னு நீயும் வச்சுக்காத.

இந்தா சாவி. பெரிசு வாசலுக்கு, சின்னது கிரில்லுக்கு. எப்ப வேணா சாமான் கொண்டாந்துக்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துரு, அது முக்கியம்.

கீழ போயி அவருகிட்ட நீயே சொல்லும்மா, எந்தப் பாட்டுன்னு. நான் வரல, இங்கயே நிக்கிறேன். அவரு சிரிக்கிறத நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா, சிரிக்கிறத நிறுத்திருவாரு.