கேட்டுவிட்டுக் காத்திருந்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, எங்கள் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் மகனின் தோளில் கைபோட்டபடி இருக்கும், எங்கள் அக்காவின் கணவரான அண்ணன் அவர்களே, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே, துயரத்தைப் பகிர்ந்துகொள்ள வந்திருக்கும் அனைவருக்கும் என் வணக்கம்.

சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். முயல்கிறேன். ஆனால் சில நாட்களாகவே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வாசல் பலகையில் ‘பயிற்சி மாணவி மறைவு’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாணவியா? யார் மாணவி? எங்கள் எக்ஸ்பிரஸ் அக்கா ஆசிரியை! அதை யாராவது திருத்துங்கள். இல்லையென்றால் போகும்போது நானே அழித்து எழுதிவிட்டுப் போவேன்.

எக்ஸ்பிரஸ் என்ற பெயர் ஏன் வந்தது? பயிற்சிக்கு வருமுன் அக்கா பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். வண்டி போகும் ஊர், நிற்கும் இடம், கிளம்பும் நேரம் எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட, பால் தீர்ந்துவிடப் போகிறது என்பதுபோல்தான் கூப்பிடுவார்.

அந்த வேலையை விட்டுவிட்டு, இந்த வயதில் எங்களைப் போன்ற சின்னப் பெண்களோடு வந்து ஏன் உட்கார்ந்தார்? ஒருநாள் மகன் கணக்கில் தோற்று வந்தானாம். “புரியலைன்னா வகுப்புலயே சொல்ல வேண்டியதுதானே?” என்று கேட்டிருக்கிறார். “டீச்சர் புரிஞ்சுதான்னு கேட்டாங்கம்மா. எல்லாரும் புரிஞ்சுதுன்னாங்க. நானும் சொல்லிட்டேன்” என்றானாம். தம்பி, தலையைக் குனியாதே. நீ அன்றைக்குச் சொன்னதுதான் உன் அம்மாவை எங்களிடம் அனுப்பி வைத்தது.

கல்லூரியில் முதல் நாள், உங்கள் இலக்கு என்ன என்று விரிவுரையாளர் ஐயா எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருத்தி தலைமையாசிரியை ஆவேன் என்றாள். நான் முனைவர் பட்டம் என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா எழுந்தார். “நான் வாயை மூடக் கத்துக்கணும் சார்.” வகுப்பே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். “சிரிக்காதீங்க. கேள்வியும் கேட்டுட்டு பதிலையும் நானே சொல்லிடுவேன். அப்புறம் பிள்ளைங்க எதுக்கு?” என்றார் அக்கா. நண்பர்களே, தன் குறையையே தன் இலக்காக வைத்துக்கொள்ளும் துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

கற்பித்தல் பயிற்சிக்காக அக்காவையும் சேர்த்து எங்களில் நான்கு பேரை இந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியை இங்கே அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. அது பிள்ளைகளைப் பொய் சொல்ல வைக்கும் கேள்வி என்பார். வேறொரு கேள்வியைக் கேட்பார். பிறகு காத்திருப்பார். அந்த வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை! பதில் நுனிநாக்கில் வந்து நிற்கும். சாக்பீஸைக் கைக்குள் இறுக்கிக்கொள்வார். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது உள்ளங்கையெல்லாம் வெள்ளைப் பொடியாக இருக்கும்.

ஐயா பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘வகுப்பு அடிக்கடி நின்றுவிடுகிறது’ என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். ஐயா, இதை இங்கே சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்காவே கோபப்படவில்லை. ஆசிரியர் அறைக்கு வந்து, “சார் சொல்றது நிஜம்தான், வண்டி நிக்குது. ஆனா இன்னும் ஆள் ஏறலையே! விட்டுட்டு எடுக்கச் சொல்றாரே!” என்று எங்களிடம் அங்கலாய்த்தார். அதன் பிறகும் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை அக்கா கேட்ட கேள்வி இது: “ஒரு ரொட்டியில மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?” நாலு, நாலு என்று பிள்ளைகள் கத்தினார்கள். நாலு பெரிய எண் அல்லவா! ஒரு பெண் மட்டும் கத்தவில்லை. வகுப்பில் யாரிடமும் பேசாத பெண். ஊமைக்கோட்டான் என்று மற்றவர்கள் கேலி செய்யும் பெண். அவள் எழுந்து நின்றாள். அக்கா காத்திருந்தார். மணி அடித்துவிட்டது. “பரவாயில்ல கண்ணு, திங்கட்கிழமை சொல்லு. நான் எங்க போயிடப் போறேன்?” என்றார்.

சனிக்கிழமை நெஞ்சுவலி. அன்று மாலையே எல்லாம் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை அந்த வகுப்புக்கு நான் போனேன். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “டீச்சர் வரட்டும்” என்றாள். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

தலைமையாசிரியை அம்மா, அக்காவுக்குப் பிறகு பாடம் எடுக்க ஆளில்லை என்று இந்த வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்த்துவிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே ஏற்கெனவே பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இந்தப் பெண்ணுக்காக யார் காத்திருப்பார்கள்? நீங்கள் முடிவெடுக்கும் முன் ஒன்றே ஒன்று செய்ய அனுமதி கொடுங்கள்.

கண்ணு, தூண் பக்கத்துல நிக்கிறியே, உன்னைத்தான். டீச்சர் கேட்டதுக்கு இப்ப பதில் சொல்றியா? அவசரமே இல்ல. நாங்க எல்லாரும் காத்திருக்கோம்.

சபையோரே, தயவுசெய்து யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

…

கேட்டதா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? நான் திருப்பிச் சொல்கிறேன். “மூணுல ஒரு பங்குதான் பெருசு டீச்சர். ஆள் குறைஞ்சா பங்கு பெருசாயிடும்.”

அண்ணே, அழுங்கள். நானும் அழுகிறேன். நிகழ்ச்சி நிரலில் அடுத்து மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. இந்தப் பிள்ளை வாய் திறக்கும்வரை இத்தனை பேரும் மூச்சுக்கூட விடாமல் இருந்தோமே, அக்காவுக்கு அதைவிடவா ஒரு அஞ்சலி?

அம்மா, வகுப்பைக் கலைக்காதீர்கள். எங்களிடம் கொடுங்கள். ஐயா, நாளைக்கே வந்து பின்பெஞ்சில் உட்காருங்கள். வகுப்பு நிற்கும், மதிப்பெண்ணைத் தாராளமாகக் குறையுங்கள். நான்கு பேராக வந்தோம், மூன்று பேர் இருக்கிறோம். கணக்கை அந்தப் பிள்ளையே போட்டுச் சொல்லிவிட்டாள். எங்கள் பங்கை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், அக்கா.